பினாங்கில் இரண்டாம் இடம் யாருக்கு? சந்தை விலை, கருத்துக் கணிப்பு, மதிப்பெண் பலகை: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பினாங்கு மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் முதலிடம் எந்தக் கட்சிக்கு என்று பந்தயம் கட்ட முனைபவருக்கு எதிராளி கிடைப்பது அரிது. 2008, 2013, 2018, 2023 ஆகிய நான்கு தேர்தல்களிலும் ஜனநாயக செயல் கட்சி (ஜசெக) 40 இடங்களில் 19-ஐ வென்று முதலிடத்தில் நின்றது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. கதை முழுவதும் இரண்டாம் இடத்தில்தான் நடக்கிறது. 2008-இல் அம்னோ 11 இடங்களுடன் இரண்டாவதாக வந்தது, கெஅடிலான் 9 இடங்களுடன் அதன் பின்னால் நின்றது. 2013-இல் இரண்டும் தலா 10. 2018-இல் கெஅடிலான் 14-க்கு உயர, அம்னோ இரண்டே இடங்களுக்குச் சரிந்து, மூன்றாம் இடத்தை அமானாவுடனும் பெர்சத்துவுடனும் பங்குபோட்டுக்கொண்டது. 2023 ஆகஸ்ட் 12-இல் கெஅடிலானும் பாஸ் என்னும் இஸ்லாமியக் கட்சியும் தலா 7 இடங்களைப் பெற்றன. ஆக, நான்கு தேர்தல்களில் இரண்டு முறை இரண்டாம் இடத்துக்குத் தனி உரிமையாளரே இல்லை.

கட்சிகளின் வரிசையை முன்கூட்டியே கணித்துவைக்க விரும்பும் தமிழ் அமைப்புகள் ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் உண்டு. அவற்றுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அன்று. கோயில் நிலம், வீடமைப்பு, தமிழ்ப்பள்ளிக்கான மாநில உதவி என்று எந்தக் கோரிக்கையை யாரிடம் கொண்டுபோவது என்பது, ஆட்சிக்குழுவில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு பங்கு என்பதோடு சேர்ந்தே வருகிறது. வரிசை மட்டுமே பதவியைத் தீர்மானிக்கிறது என்று சொல்லவும் முடியாது; 2008 முதல் முதலாம் துணை முதலமைச்சர் பதவி கெஅடிலானிடமே இருந்துவருகிறது, அக்கட்சி 14 இடங்கள் வைத்திருந்தபோதும் சரி, 7-க்கு இறங்கியபோதும் சரி. எனினும் பேரம் பேசும் பலம் எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது. 2023-இல் அமைந்த சட்டமன்றத்தின் தவணை 2028-இல் முடிவதால், அடுத்த முறை எந்தக் கருவியைக் கொண்டு கணிப்பது என்பதை இப்போதே, பரபரப்பு இல்லாத காலத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பணம் புழங்கும் வெளிநாட்டுக் கணிப்புச் சந்தைகள், பணம் இல்லாத புள்ளிச் சந்தைகள், கருத்துக் கணிப்புகள், தொகுதிவாரியாக நிகழ்தகவு எழுதி மதிப்பெண் இடும் பலகை ஆகியவை கைக்கு எட்டும் வழிகள்.

இவற்றில் எதை எடுத்தாலும், எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் எழுதிவைக்காவிட்டால் பின்னால் சண்டைதான் மிஞ்சும். தேர்தல் ஆணையம் முடிவுகளைச் சின்னத்தின்படி வெளியிடுகிறது. 2023-இல் பினாங்கில் பக்காத்தான் ஹராப்பான் (ஜசெக, கெஅடிலான், அமானா) 27, பெரிக்காத்தான் நேஷனல் (பாஸ், பெர்சத்து) 11, தேசிய முன்னணி (அம்னோ) 2 என்பதே சின்னத்தின்படியான கணக்கு. அதன்படி இரண்டாம் இடம் ஐயத்துக்கு இடமின்றிப் பெரிக்காத்தானுக்கு. உறுப்புக் கட்சிகளாகப் பிரித்தால்தான் கெஅடிலானும் பாஸும் தலா 7, பெர்சத்து 4, அம்னோ 2, அமானா 1 என்று வருகிறது. சின்னமும் கட்சியும் எப்போதும் ஒன்றாக இருப்பதும் இல்லை: 2022 பொதுத்தேர்தலில் பாஸ் வேட்பாளர்கள் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் சொந்தச் சின்னத்திலும், மற்ற மாநிலங்களில் பெரிக்காத்தான் சின்னத்திலும் நின்றனர். 2020 சபா மாநிலத் தேர்தலில் வாரிசான் கட்சியின் சின்னத்தில் வென்ற 29 பேரில் ஆறு பேர் ஜசெகவினர். 2025 நவம்பர் 29-இல் நடந்த சபா தேர்தலிலோ கபுங்கான் ரக்யாட் சபா 29, வாரிசான் 25, தேசிய முன்னணி 6 என்று வந்த பிறகு, நான்காவதாக நின்றது ஒரு கட்சியே அன்று; ஐந்து சுயேச்சைகள். அவர்களை ஒரு தொகுதியாக எண்ணினால் மூன்று இடங்கள் பெற்ற உப்கோ கட்சி ஐந்தாவது, எண்ணாவிட்டால் நான்காவது.

பணச் சந்தைகள் இந்தச் சிக்கலைத் தீர்ப்பு விதிகளால் கையாளுகின்றன, அந்த விதிகளைப் படிக்காமல் விலையை மட்டும் பார்ப்பவரே பெரும்பாலும் ஏமாறுகிறார். "இக்கட்சி இரண்டாவது அதிக இடங்களைப் பெறும்" என்ற ஒப்பந்தம் நடந்தால் ஒரு டாலர், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. அதன் விலை 40 சென்ட் என்றால் சந்தை அதற்கு ஏறத்தாழ 40 விழுக்காடு வாய்ப்புத் தருகிறது என்று பொருள் கொள்வர். இடங்கள் சமமானால் அதிக வாக்கு பெற்ற கட்சிக்கு, அதுவும் சமமானால் பெயரின் அகரவரிசைப்படி என்று தீர்ப்பது சில ஒப்பந்தங்களில் காணப்படும் விதி. வாக்குகளைக் கணக்கில் கொள்ளாமல் நேராக அகரவரிசைக்குப் போகும் விதி ஒன்று 2023 பினாங்கு முடிவுக்கு இருந்திருந்தால், ரோமன் எழுத்துச் சுருக்கப்படி (PAS, PKR) பாஸ் முந்தியிருக்கும். PKR-க்குப் பதிலாக 'கெஅடிலான்' (Keadilan) என்று பெயரிட்டிருந்தால் அது முந்தியிருக்கும். வாக்காளர் யாரும் இதற்காக வாக்களிக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த 40 சென்ட்டுக்குள் அரசியல் எவ்வளவு, எழுத்துக்கூட்டு எவ்வளவு என்று கேட்கத் தோன்றும். பாலிமார்க்கெட் போன்ற கணிப்புச் சந்தைத் தளத்தில் தீர்ப்பு தகராறானால், யூமா என்னும் நெறிமுறையின் டிஜிட்டல் வில்லைகளை (டோக்கன்) வைத்திருப்போர் வாக்களித்து முடிவு செய்கின்றனர். அவர்களில் எத்தனை பேருக்குப் பினாங்கின் பெனாகா தொகுதி எங்கே இருக்கிறது என்று தெரியும்?

சந்தையின் வலிமையை மறுப்பது நியாயமாகாது. 1988-இல் அயோவா பல்கலைக்கழகம் தொடங்கிய மின்னணுச் சந்தை, ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாத சிறு அளவிலேயே, அமெரிக்க அதிபர் தேர்தல்களில் பல கருத்துக் கணிப்புகளை விட வாக்கு விழுக்காட்டை நெருங்கிச் சொன்னது. தவறாகக் கணிப்பவர் காசை இழப்பதால், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதற்கு விலை உண்டு என்பதே அதன் அடிப்படை. 2024 அமெரிக்கத் தேர்தலில் பாலிமார்க்கெட்டில் பல கணக்குகள் வழியாக டிரம்ப் பக்கம் பெருந்தொகை வைத்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், சொந்தச் செலவில் ஒரு கணிப்பும் நடத்தச் செய்தார். "நீங்கள் யாருக்கு வாக்களிப்பீர்கள்" என்பதற்குப் பதிலாக "உங்கள் அண்டை வீட்டார் யாருக்கு வாக்களிப்பர்" என்று கேட்கும் கணிப்பு அது. பணம் அவரைத் தேடவைத்தது. ஆனால் அதே நிகழ்வு இன்னொன்றையும் காட்டுகிறது: உலகமே கவனித்த, கோடிக்கணக்கில் பணம் புரண்ட அந்தச் சந்தையிலேயே ஒரு தனிமனிதரின் கொள்முதல் விலையை நகர்த்த முடியுமா என்று விவாதம் எழுந்தது. ஒரு மாநிலத் தேர்தலின் மூன்றாம் இடத்துக்கான ஒப்பந்தத்தில், வாங்குவோரும் விற்போரும் விரல் விட்டு எண்ணும் அளவில் இருக்கும்போது, கட்சி ஆதரவாளர் ஒருவரே அந்த விலையை உயர்த்திவைத்துவிட்டுப் படம்பிடித்து வாட்சாப் குழுக்களில் அனுப்ப முடியும்.

ஆள் குறைந்த சந்தையின் அடையாளங்களை அறிந்துகொள்வது எளிது. கற்பனைக்கு, இரண்டாம் இடத்துக்கு கெஅடிலான் 48, பாஸ் 34, பெர்சத்து 15, அம்னோ 9 என்று விலைகள் இருப்பதாகக் கொள்வோம், கூட்டினால் 106. ஒரே இடத்துக்கு நூறு விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு இருக்க முடியாது, ஆகவே எங்கோ விலை வீங்கியிருக்கிறது. பொதுவாக வீக்கம் கடைசியில் இருக்கும் கட்சிகளிடம் இருக்கும். ஏனெனில் அம்னோவின் 9 சென்ட்டை 3 சென்ட்டுக்கு இறக்க விரும்புபவர், ஆறு சென்ட் ஆதாயத்துக்காக, 'நடக்காது' என்ற எதிர்ப்பக்கத்தை வாங்கி, 91 சென்ட்டைத் தேர்தல் முடியும் வரை முடக்கிவைக்க வேண்டும். அந்தக் காசை வங்கியில் போட்டாலே போதும் என்று அவர் விலகிக்கொள்கிறார். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி பத்து சென்ட் என்றால், நடுவில் தெரியும் எண்ணை வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வதற்கே பொருள் இல்லை.

வரிசை ஒப்பந்தத்துக்கே உரிய இன்னொரு குறையைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். கெஅடிலான் ஓர் இடத்தை பாஸிடம் இழந்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒன்றால் அன்று, இரண்டால் மாறுகிறது. 7-க்கு 7 என்பது 6-க்கு 8 ஆகிவிடும். சில நூறு வாக்குகளில் முடிவாகும் ஒரு தொகுதி முழு வரிசையையும் புரட்டிவிடும்போது, வரிசை விலை என்பது மிகவும் கூர்மையான முனையில் நிற்கும் எண். கெஅடிலான் ஏழா எட்டா என்பதில் நல்ல கணிப்பாளர் பெரிதாகத் தவறியிருக்க மாட்டார். அதே கணிப்பாளர் "இரண்டாவது யார்" என்பதில் முற்றிலும் தவறியிருக்கலாம். இடங்களின் எண்ணிக்கையைக் கணித்தால் அதிலிருந்து வரிசையைப் பெறலாம். வரிசை விலையிலிருந்து எண்ணிக்கையைத் திரும்பப் பெற முடியாது. கணிப்பைப் பயன்படுத்தி ஏதேனும் திட்டமிட விரும்பும் அமைப்புக்கு எண்ணிக்கைதான் தேவை.

இவை எல்லாம் விலையைப் படிப்பவருக்கு. பணம் போட நினைப்பவருக்குக் கேள்வி வேறு. மலேசியாவில் 1953-ஆம் ஆண்டின் பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டமும் இன்றும் நடப்பில் உள்ளன. அண்டை நாடான சிங்கப்பூர் 2025 ஜனவரியில் பாலிமார்க்கெட்டை உரிமமற்ற சூதாட்டத் தளம் என்று தடுத்தது. நண்பர்களுக்குள் "சும்மா பத்து வெள்ளி" (ரிங்கிட்) என்று தொடங்கும் ஏற்பாடும் எனக்கு உவப்பில்லை, சட்டம் ஒருபுறம் இருக்க, பினாங்கில் தமிழ் பேசும் வட்டம் என்றால் அதில் தமிழ் முஸ்லிம்களும் இருப்பர். காசு வைத்த கணத்திலேயே அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறோம். கீழே சொல்லப்போகும் காரணத்தால், இந்தக் கணிப்புக்கு அவர்கள் இல்லாமல் முடியாது.

பணம் இல்லாத புள்ளிச் சந்தைகள் இந்தத் தடையைத் தாண்டுகின்றன. மெனிஃபோல்ட் போன்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு கேள்வியைத் தொடங்கி, விளையாட்டுப் புள்ளிகளில் வாங்கி விற்கலாம். சட்டச் சிக்கல் இல்லை, விதிகளை நாமே எழுதலாம், தகராறானால் தீர்ப்பவரும் நம்மில் ஒருவர். குறை என்னவென்றால், இருபது முப்பது பேர் உள்ள வட்டத்தில் இருவர் மட்டும் நாள்தோறும் வந்து வாங்கி விற்பர். மற்றவர்கள் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுவர். அப்புறம் அங்கே நிற்கும் விலை வட்டத்தின் கருத்து அன்று, அந்த இருவரின் கருத்து. ஆறு மாதம் தொடர்ந்து ஆர்வம் காட்டக்கூடிய இளைஞர்கள் கொண்ட குழுவாக இருந்தால் இதைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கருத்துக் கணிப்புகள் வேறு வகையில் தவறுகின்றன. 2018 பொதுத்தேர்தலின் முன்தினம் மெர்டேக்கா சென்டர் தேசிய முன்னணிக்கு 100, பக்காத்தானுக்கு 83, பாஸுக்கு 2 என்று கணித்து, 37 இடங்களைச் சொல்ல இயலாதவை என்று ஒதுக்கிவைத்தது. அப்போது கெஅடிலான் தலைவர்களுள் ஒருவரான ரஃபிஸி ரம்லி நிறுவிய இன்வோக், தீபகற்பத்தில் பாஸுக்கு ஓர் இடமும் கிடைக்காது என்றது. முன்னணி 79-இல் நின்றது. பாஸ் பெற்றது 18. இரண்டு அமைப்புகளும் முதலிடம் பற்றி எதிரெதிராகச் சொல்லியும், மூன்றாம் கட்சியைப் பற்றிய பிழையில் ஒன்றுபட்டன என்பது கவனிக்கத்தக்கது. மாதிரி சிறிதாக இருக்கும்போது சிறிய கட்சியின் ஆதரவு எங்கே திரண்டிருக்கிறது என்பது மாநிலம் தழுவிய விழுக்காட்டில் தெரியாது. பாஸின் வாக்கு கிளந்தான், திரெங்கானு, கெடாவில் திரண்டிருந்தது. மலாக்காவில் 2021 நவம்பரில் நடந்ததைப் பார்த்தால் விழுக்காட்டுக்கும் இடத்துக்கும் உள்ள தொலைவு இன்னும் தெளிவாகும்: தேசிய முன்னணி ஏறத்தாழ 38 விழுக்காடு, பக்காத்தான் ஏறத்தாழ 36, பெரிக்காத்தான் ஏறத்தாழ 24; இடங்களோ 21, 5, 2. வாக்களிக்க வருவோர் எண்ணிக்கையும் ஒரு பொறி. தானியங்கி வாக்காளர் பதிவும் 18 வயது வாக்குரிமையும் நடப்புக்கு வந்தபின் நடந்த முதல் மாநிலத் தேர்தலான ஜொகூரில், 2022 மார்ச்சில், வந்து வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காடு மட்டுமே. எனவே கருத்துக் கணிப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு தேர்தலுக்கும் அடுத்ததற்கும் இடையே எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. வரிசையை அதனிடம் கேட்கக் கூடாது, அவ்வளவே.

நாசி கண்டார் கடையிலும் கோயில் மண்டபத்திலும் கிடைக்கும் பேச்சை எல்லாரும் இறுதியில் நாடுவர். அதன் பயன் சிறிது. அந்தப் பேச்சு பெரும்பாலும் பிறை, பாகான் டாலாம் போன்ற, நம்மவர் மிகுதியாக வாழும், ஜசெக வேட்பாளர் நிற்கும் தொகுதிகளைப் பற்றியது. இரண்டாம் இடம் அங்கே முடிவாவதில்லை.

எங்கே முடிவாகிறது என்பதைக் கணக்கே காட்டும். 2023-இல் பக்காத்தானும் தேசிய முன்னணியும் சேர்ந்த ஆளும் கூட்டணிக்குள் ஜசெக 19, கெஅடிலான் 13, அம்னோ 6, அமானா 2 தொகுதிகளில் நின்றன. ஜசெக நின்ற 19-இலும் வென்றது. ஆகவே பெரிக்காத்தானின் 11 வெற்றிகளும் மற்ற 21 தொகுதிகளில்தான் வந்தன. கெஅடிலான் ஆறையும், அம்னோ நான்கையும், அமானா ஒன்றையும் விட்டுக்கொடுத்தன. அந்த 21-இல் பல பெனாகா, பெர்மாத்தாங் பாசிர், சுங்கை ஆச்சே, தெலுக் பாஹாங் போன்ற மலாய் வாக்காளர் மிகுந்த தொகுதிகள். வரிசையைக் கணிக்கும் தமிழ் வட்டம், தான் நன்கு அறியாத இடங்களைப் பற்றித்தான் உண்மையில் கணிக்கிறது. அங்கே கடை வைத்திருப்போர், பள்ளியில் கற்பிப்போர், மலாய்ச் சமூகத்தோடு பள்ளிவாசலிலும் கல்யாணத்திலும் கலந்து பழகும் தமிழ் முஸ்லிம் நண்பர்கள் ஆகியோர் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று மேலே சொன்னதன் காரணம் இதுவே. அவர்களிடமும் "யார் வெல்வார்" என்று கேட்பதைக் காட்டிலும், அந்தப் பிரெஞ்சுக்காரர் கேட்டதுபோல் "உங்கள் அண்டை வீட்டார் எந்தப் பக்கம்" என்று கேட்பது நலம்.

என் தேர்வு, ஆகவே, தொகுதிவாரி மதிப்பெண் பலகை. ஒவ்வொருவரும் அந்த 21 தொகுதிகளுக்கும் ஒவ்வொரு கட்சியின் வாய்ப்பை எண்ணாக எழுதித் தருகிறார். தேர்தல் முடிந்தபின் கிளென் பிரையர் 1950-இல் முன்வைத்த முறைப்படி பிழை கணக்கிடப்படுகிறது. 60 விழுக்காடு என்று எழுதியது நடந்தால் பிழை 0.4-இன் வர்க்கமாகிய 0.16, நடக்காவிட்டால் 0.36. 90 விழுக்காடு என்று எழுதியது நடந்தால் பிழை 0.01 மட்டுமே, நடக்காவிட்டால் 0.81. அடித்துச் சொல்வோருக்கு அதற்கேற்ற தண்டனை உண்டு, தயங்கிச் சொல்வோருக்கு அதற்கேற்ற பாதுகாப்பு உண்டு. பணம் செய்யும் அதே வேலையை இந்த வர்க்க எண் செய்கிறது, சட்டத்தையும் சமயத்தையும் தொடாமல். இருபது பேர் ஒரே ஒருமுறை எழுதித் தந்தாலும் சராசரி கிடைத்துவிடும். நாள்தோறும் வாங்கி விற்க ஆள் தேவையில்லை.

இதிலும் ஒரு பொறி உண்டு. 21 தொகுதிகளின் வாய்ப்பையும் தனித்தனி நிகழ்வுகளாக எண்ணிப் பெருக்கினால், வரிசையைப் பற்றிப் பொய்யான உறுதி பிறக்கும். மலாய் வாக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் பல தொகுதிகள் ஒன்றாகவே சாய்கின்றன, 2023-இல் நடந்தது அதுதான். எனவே ஒவ்வொருவரிடமும் மூன்று பத்தி எண்கள் கேட்க வேண்டும்: பெரிக்காத்தான் அலை 2023-ஐ விடக் கூடினால், அப்படியே இருந்தால், தணிந்தால் என்று. இந்த மூன்றில் எது நடக்கும் என்பதற்கான எடையைக் கருத்துக் கணிப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவை நன்றாகச் செய்யும் வேலை அது ஒன்றே. இவ்வாறு கிடைக்கும் எண்ணிக்கைகளிலிருந்து யார் இரண்டாவது, எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவது, விரிதாள் பழகிய ஒருவருக்கு ஒரு மாலை வேலை.

பலகையை எப்போது திறப்பது என்பதில் கண்டிப்பு வேண்டும். வேட்புமனு நாளுக்கு முன்பு தொகுதிப் பங்கீடே தெரியாது. 13 தொகுதியில் நிற்கும் கட்சி 14 வெல்ல முடியாது. பங்கீடு முடியுமுன் வரிசையைக் கணிப்பது, கூட்டணித் தலைவர்களின் மூடிய அறைப் பேச்சைக் கணிப்பதாகவே முடியும். 2023-இல் வேட்புமனு ஜூலை 29, வாக்குப்பதிவு ஆகஸ்ட் 12. அந்த இரண்டு வாரங்களின் முதல் வார இறுதியில் எழுதி வாங்கி, முன்கூட்டிய வாக்களிப்பு தொடங்குமுன் பூட்டிவிடலாம். உறுப்புக் கட்சியாக எண்ணுகிறோமா சின்னமாக எண்ணுகிறோமா, சுயேச்சைகளுக்கு வரிசை உண்டா என்பவை தாளின் தலைப்பிலேயே இருக்கட்டும். "சமநிலை" என்பதைத் தனி முடிவாக ஏற்று, அதற்கும் வாய்ப்பு எழுதச் சொல்ல வேண்டும். நான்கில் இரண்டு முறை நடந்ததை அகரவரிசைக்கு விட்டுவிடுவதற்கில்லை. வெளிநாட்டுச் சந்தை ஏதேனும் பினாங்குக்கு விலை வைத்திருந்தால், பலகையைப் பூட்டும் நாளில் அந்த விலைகளைக் கூட்டுத்தொகை நூறாகும்படி சுருக்கி, இன்னொரு பங்கேற்பாளரின் வரியாகவே எழுதிவைத்து, மற்றவர்களுக்கு இடும் அதே மதிப்பெண்ணை அதற்கும் இடலாம்.